விளிம்பு மூடிய எழுத்துகள்

அந்த நாணயச் சங்கத்தில் தீர்ப்பு இரண்டே வகைதான். ஒன்று பிறவி, இன்னொன்று பட்டது. நாணயச்சாலையில் அடிக்கப்படும்போதே குறையோடு பிறந்த காசு பிறவி. நன்றாகப் பிறந்து, வெளியே வந்த பிறகு சுத்தியலிலோ சக்கரத்திலோ நெருப்பிலோ மாட்டி முகம் மாறிப்போன காசு பட்டது. பிறவிக் காசுக்குச் சங்கத்தின் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டி. பட்ட காசுக்குக் கொண்டுவந்தவருடைய சட்டைப் பை.

மாதம் ஒருமுறை நூலகத்தின் மாடி அறையில் கூடுவார்கள். ஒரு காசு மேசைக்கு வந்தால் கைமாறிக் கைமாறிச் சுற்றும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுப் புதியவர்கள் தலையாட்டிவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. கூடவே கண்டிப்பான விதி ஒன்றும் உண்டு. 'பட்டது' என்று சொல்கிறவர் எதனால் பட்டது என்றும் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாதவருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை கிடையாது. எந்தக் காசையும் வாய்க்கு வந்தபடி பழிக்கக் கூடாது என்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான். நல்ல மனசோடு போட்ட விதியிலும் ஓர் ஓட்டை இருந்துவிடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

கடைசித் தீர்ப்புச் சொல்கிறவரை எல்லோரும் 'தராசு' என்று கூப்பிட்டார்கள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எந்தக் காசு வந்தாலும் முதலில் எடை போடுவார், பிறகுதான் பேசுவார். காசின் மேல் ஒரு கோடு இருந்தால் அது மேலே எழும்பி நிற்கிறதா, உள்ளே குழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். எழும்பி நின்றால் அச்சில் விழுந்த விரிசல், குழிந்திருந்தால் யாரோ போட்ட கீறல். ஓரத்தில் கடித்தது போல் ஒரு துண்டு குறைந்த காசு வந்தால் கடிபட்ட இடத்தைப் பார்க்கவே மாட்டார். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பார்ப்பார். அச்சு விழுவதற்கு முன், வெறும் வில்லையாக இருக்கும்போதே குறைந்த காசு என்றால் அந்த எதிர்ப்பக்கம் மங்கித்தான் இருக்கும். வெட்டிரும்பால் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இந்தத் தராசின் கூடப்பிறந்த அக்காவைத்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரியக்கா என்பார்கள். அவளுக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. தம்பியைப் பற்றித் தெரியும். அம்மா கண்ணை மூடிய பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். இப்போது அவனுக்கு வாருவதற்குத் தலையில் அதிகம் இல்லை என்றாலும், அந்த உரிமை அவளிடம் அப்படியே இருந்தது.

"என் தம்பி கண்ணுல லென்ஸை மாட்டினான்னா, காசு தானா வாயைத் திறந்து பேசிரும்" என்பாள் சலவைக்கூடத்தில்.

"அப்போ உங்க வாயை மூடறதுக்கு என்ன மாட்டணும் பெரியக்கா?" என்பாள் துணி மடிக்கும் மடிப்புக்காரி.

தம்பியை விட்டால் பெரியக்காவுக்கு இன்னொரு பெருமை உண்டு. அவள் பொறுப்பு, துவைத்த துணியை உலர்த்தும் டிரையர்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, நர்சுகளின் உடுப்பு, நோயாளிகளின் அங்கி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் டிரம்முக்குள் போகும். ஒவ்வொரு பையிலும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். பேனா, சாவி, மூக்குக் கண்ணாடி, மாத்திரை எல்லாம் வரும். கிடைத்ததை உடையவரைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒருமுறை ஒரு நோயாளியின் அங்கிப் பையில் பிஞ்சுக் குழந்தையின் கையில் கட்டுகிற பெயர்ப் பட்டை ஒன்று கிடைத்தது. குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது. பழைய பட்டைதானே என்று அவள் விட்டுவிடவில்லை. வார்டில் முகவரி கேட்டு, வீடு தேடிப் போய்த் தாயின் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடவுள் நம் கையில் கொடுப்பதெல்லாம் இன்னொருவருடையது என்பது பெரியக்காவின் எண்ணம். நம்மிடம் வந்ததே அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான்.

"என் கை தடவாத பாக்கெட் டிரம்முக்குள்ள போகாது" என்று அவள் சொன்னால், சலவைக்கூடத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

ஒருநாள் டிரையரின் வாய்க்கு நேர் கீழே வைத்திருந்த கூடையில், சூடான விரிப்புகளுக்கு நடுவே ஒரு காசு கிடந்தது. பார்த்தால் காசு போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வழக்கமான காசைவிட வட்டம் சிறியது, ஓரம் மட்டும் தடித்து உருண்டு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகம் தேய்ந்து வழுவழுப்பாக, கொஞ்சம் பழுப்பேறி இருந்தது. யாருடையது என்று எல்லா வார்டுகளிலும் கேட்டுப் பார்த்தாள். யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. பிறகு தம்பியின் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா இது, காசா பட்டனா?" என்றான் தம்பி.

"அதை நீதான்டா சொல்லணும். ஊர்ல இருக்கறவங்கல்லாம் குடுத்தா பயபக்தியோட வாங்கறே. கூடப்பிறந்தவ குடுத்தா கேலி."

சிரித்துக்கொண்டே லென்ஸை மாட்டினான். சிரிப்பு மெல்ல நின்றது. சின்னத் தராசில் வைத்தான். அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்தான். கடையின் பின்கட்டிலிருந்து வந்த அவன் மனைவி, "அண்ணி, இவர் இப்படி முழிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

"எடை அநேகமா சரியா இருக்கு" என்றான் தம்பி தனக்குத் தானே. "வட்டம் மட்டும் குறைஞ்சிருக்கு. குறைஞ்சதெல்லாம் விளிம்புக்குப் போயிருக்கு. சுத்தியால அடிச்சா அங்கங்க தட்டையாகும். இது பிசிறே இல்லாம சுத்திலும் ஒரே மாதிரி உருண்டிருக்கு. எங்கக்கா கிடைச்சது?"

"காஞ்ச துணிக் கூடையில."

"மிஷினுக்குள்ள இருந்து விழுந்திருக்குமோ?"

பெரியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மிஷினுக்குள்ள எப்படிடா போகும்? நான் கையை விட்டுப் பார்க்காத பாக்கெட் எது? சொல்லு பார்ப்போம். எந்த நர்ஸ் கையில இருந்து தவறி விழுந்துச்சோ!"

"சரி, சரி. கோவிச்சுக்காதே. கேட்டேன், அவ்வளவுதான்."

மறுபடி குனிந்தான். காசின் ஓரத்தில் ஓரிடத்தை வெகுநேரம் பார்த்தான்.

"அங்க என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல." நிமிர்ந்தான். "இதைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொல்லல? சமையல்கூடத்துல ஆரம்பிச்சு எக்ஸ்ரே ரூம் வரைக்கும் தெரியும். பெரியக்காவுக்கு அபூர்வமான காசு கிடைச்சிருக்கு, தம்பி அதைக் கண்காட்சியில வைக்கப் போறான்னு எல்லாரும் பேசறாங்க. பெரிய டாக்டர் கூடப் பார்க்க வரேன்னு சொல்லியிருக்காரு."

தம்பி லென்ஸைக் கழற்றித் துடைத்தான். துடைப்பதற்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அந்த மாதக் கூட்டத்துக்குப் பெரியக்காவையும் அழைத்துப் போனான். அவள் சுவரோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காசு மேசையைச் சுற்றியது. புதிதாகச் சேர்ந்த பஸ் டிரைவர், "அடிபட்டு இப்படி ஆன காசை நான் பார்த்ததில்லைங்க. பிறவி" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். பல்செட்டு செய்பவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகும் உலோகமும் அழுத்தினால் எப்படி வழியும் என்று தெரிந்த கை அவருடையது.

"பட்டதுன்னுதான் தோணுது" என்றார். "ஆனா எதுல பட்டதுன்னு சொல்ல வரல. விதின்னா விதி. பிறவின்னே வச்சுக்குங்க."

கடைசியில் தராசின் முறை வந்தது. அவன் ஒரு தடவை சுவரோரம் பார்த்தான். அக்காவின் முகம் விளக்குப் போட்டது போல் இருந்தது.

"பிறவி" என்றான். "அச்சு அடிக்கறதுக்கு முன்னாடி வில்லையோட விளிம்பை எழுப்பறதுக்குன்னு ஒரு மிஷின் இருக்கு. அதுல அளவுக்கு மீறி அழுந்தியிருக்கணும்."

கைதட்டினார்கள். சங்கத் தலைவி, தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் டைப்பிஸ்ட் அம்மா. அவர் எழுந்து, வரப்போகும் கண்காட்சியில் இந்தக் காசுதான் நடுப் பெட்டியில் இருக்கும் என்றார். பார்வையாளர்கள் கொண்டுவரும் காசுகளைச் சோதித்துச் சொல்லும் மேசை இத்தனை வருடம் பல்செட்டுக்காரரிடம் இருந்தது. இந்த வருடம் அது தராசுக்கு என்றும் அறிவித்தார். பல்செட்டுக்காரர் மற்றவர்களைவிட மெதுவாகக் கைதட்டினார். பெரியக்கா எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள், அந்த டிரையர் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து முன்பக்கத் தகட்டைக் கழற்றினார். கையை விட்டுத் துழாவியவர், பஞ்சும் நூலுமாக ஒரு கொத்தை எடுத்து வெளியே போட்டார். அதிலிருந்து ஏதோ கலகலவென்று உருண்டது. பெரியக்கா குனிந்து பொறுக்கினாள். காசுகள். ஒன்று நல்ல காசு, ஓரம் மட்டும் லேசாகத் தடித்திருந்தது. இன்னொன்றின் விளிம்பு பாதி உருண்டு உள்ளே சாய்ந்திருந்தது. மூன்றாவது, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் காசின் கூடப்பிறந்தது போல அப்படியே இருந்தது.

அவள் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது எப்படி இங்க?" என்றாள்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும், எல்லா லாட்ஜ்லயும் கிடக்கறதுதாம்மா" என்றார் மெக்கானிக், ஒரு திருகாணியை வாயில் கவ்விக்கொண்டே. "டிரம் சுத்தும், இந்தத் தகடு சும்மா நிக்கும். நடுவுல இந்தச் சந்து இருக்கு பாருங்க, இதுல காசு மாட்டிக்கிட்டா மாசக்கணக்கா உள்ளேயே உருண்டு உருண்டு விழும். ஒவ்வொரு சுத்துக்கும் விளிம்புல ஒரு தட்டு. பூப்போல ஒரு தட்டுதான். ஆனா அது நிக்காதே! ஓரம் அப்படியே மடங்கிச் சுருண்டு போயிரும். சில நேரம் மிஷினே சலிச்சுப்போய் வெளிய துப்பிடும்."

"நாம வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே உள்ள போனதா இருக்கும், பெரியக்கா" என்றாள் மடிப்புக்காரி பக்கத்தில் வந்து. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பெரியக்கா லேசாகத் தடித்த காசை வெளிச்சத்தில் பிடித்தாள். புது அச்சு. இந்த வருடம்தான் வெளியே வந்தது. அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

"ஜன்னலுக்கு வெளிய விட்டெறிங்க" என்றாள் மடிப்புக்காரி குரலைத் தாழ்த்தி. "யாருக்குத் தெரியப் போவுது? நாளைக்கு உங்க தம்பி அத்தனை பேர் முன்னாடி உக்காரணும். நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "கழட்டின ஸ்குரூ எங்க வச்சேன்னே எனக்கு ஞாபகம் இருக்காது. இது எங்க ஞாபகம் இருக்கப் போவுது?" என்று சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இரண்டு பேரும் அவள்மேல் உள்ள பிரியத்தால்தான் சொன்னார்கள். அந்தப் பிரியத்துக்காக அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள். ஜன்னலோரம் போய் நின்றாள். கையில் மூன்று காசும் வெதுவெதுப்பாக இருந்தன. விரலை விரித்தால் போதும், கீழே குப்பைத் தொட்டி. தம்பியின் பேர் பிழைத்துவிடும். தன் கையின் பேரும் பிழைத்துவிடும். 'கடவுளே, இது யாருடையதுன்னு மட்டும் சொல்லிடு' என்று கண்ணை மூடிக்கொண்டாள். பதில் வர நேரமாகவில்லை. பேனாவையும் சாவியையும் உடையவரிடம் சேர்க்கத் தெரிந்தவளுக்கு, இந்த மூன்று காசும் யாரிடம் சேர வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் நேரே தம்பியின் கடைக்குப் போனாள். அவன் மறுநாளைக்கான சட்டையை மாட்டிவைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து லென்ஸ்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் காசுகளை அவன்முன் வைத்தாள். "டிரையருக்குள்ள இருந்துச்சு. அந்தச் சந்துல உருண்டுக்கிட்டு கிடந்திருக்கு. உன் பெட்டியில இருக்கறதும் அங்க இருந்து வந்ததுதான்" என்றாள்.

தம்பி அவற்றை வரிசைப்படுத்தினான். முதலில் லேசாகத் தடித்தது, பிறகு பாதி உருண்டது, பிறகு முழுசாக உருண்டது. பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை, வெகுநாளாக இறுக்கிய செருப்பைக் கழற்றியது போன்ற ஒரு நிம்மதி.

"இங்க வாக்கா" என்று லென்ஸை அவள் கண்ணில் வைத்தான். "பாதி உருண்டதைப் பாரு. ஓரத்துல எழுத்து இருக்கில்ல? அதோட தலை தெரியுதா?"

"தலையைக் காணோமே. விளிம்புக்கு அடியில போயிருக்கு."

"அதேதான். விளிம்பு முதல்லயே உருண்டிருந்தா, அப்புறமா அச்சு வந்து விழுந்து எழுத்து அதுக்கு மேலயே பதிஞ்சிருக்கும். இங்க எழுத்து முதல்ல பதிஞ்சிருக்கு. விளிம்பு அப்புறமா வந்து மூடியிருக்கு. அப்போ என்ன அர்த்தம்? நாணயச்சாலையை விட்டு வெளிய வந்த பிறகு நடந்தது."

அவள் லென்ஸை எடுத்தாள். "என் காசுலயும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ம்."

"இது உனக்கு இப்போதான் தெரிஞ்சுதா?"

தம்பி லென்ஸை வாங்கி வரிசையில் வைத்தான். 

"அன்னைக்கே பார்த்தேன்" என்றான். "எதனால பட்டதுன்னு தெரியல. அதைச் சாக்கா வச்சுக்கிட்டேன். எக்ஸ்ரே ரூம் வரைக்கும் சொல்லிட்டேன்னியே."

"அடப்பாவி!" என்றாள் பெரியக்கா. குரல் உடைந்துவிட்டது. "என் முகம் வாடிரும்னு உன் பேரைக் கொண்டுபோய் அடகு வச்சியா? நான் என்ன குழந்தையா? பலூன் உடைஞ்சா அழறதுக்கு?"

"அழுதிருக்க மாட்டே. ஆனா எனக்காக அழுகையை அடக்கிக்கிட்டு இருந்திருப்பே. அதை என்னால பார்க்க முடியாது."

அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த நிமிடம் தானும் உட்கார்ந்துவிட்டாள். "நான் மட்டும் யோக்கியமா? மிஷினுக்குள்ள இருந்து விழுந்துச்சான்னு நீ சரியாத்தான் கேட்டே. கூடை மிஷின் வாய்க்கு நேர் கீழதான் இருந்துச்சு. என் பாக்கெட் பெருமையைப் பேசி உன் வாயை அடைச்சுட்டேன். புதுக் காசு ஒண்ணு உள்ள கிடக்குது, பாரு. என் கைக்குத் தப்பித்தான் போயிருக்கு."

பின்கட்டிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "அக்காவும் தம்பியும் யார் பெரிய பாவின்னு போட்டியா? தேத்தண்ணி வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றார்கள் இருவரும். குடித்தபடி தம்பி சொன்னான், "நாளைக்குக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்."

"மேசையை உன்கிட்ட இருந்து எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கட்டும்."

பெரியக்கா அவனைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கைதட்டல் சத்தத்துக்கு நடுவில்கூட அவளுக்கு அவனைப் பற்றி இவ்வளவு பெருமை வந்ததில்லை. "நானும் வரேன். பாக்கெட் கதையை நான்தான் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் காலை. மண்டபத்தில் மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி எல்லோரையும் நடுப் பெட்டிக்கு அருகில் கூப்பிட்டான். பெட்டியைத் திறந்து காசை எடுத்தான். மற்ற மூன்றையும் அதன் பக்கத்தில் வைத்தான். சுற்றி வளைக்காமல் சொன்னான். எழுத்து மறைந்திருந்ததை அன்றே பார்த்ததையும், பார்த்தும் 'பிறவி' என்றதையும் சொன்னான். அக்காவைப் பற்றிச் சொல்லும்போது, "இதைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தது இவங்கதான்" என்று மட்டும் சொன்னான். மீதியை அவள் சொன்னாள். சூடான டிரம்மையும், அதன் இடுக்கையும், தவறிப்போன தன் கையையும் பற்றிச் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது. பிறகு டிரையரைப் பற்றிய பேச்சு வந்ததும் தானாக நிமிர்ந்துகொண்டது. அதை அவளைவிட அந்த அறையில் யாருக்குத் தெரியும்?

"அட, நம்ம தராசே சாய்ஞ்சு போச்சா?" என்றார் பல்செட்டுக்காரர்.

யாரோ சிரித்தார்கள். தம்பி கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றி அவர் முன்னால் வைத்தான். "மேசை உங்களோடது. உங்களுக்குத்தான் அன்னைக்குச் சரியாத் தோணுச்சு."

பல்செட்டுக்காரர் லென்ஸை எடுத்தார்.  அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு காசாகக் குனிந்து பார்த்தார். எழுத்தின் தலை எங்கே முடிகிறது, விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் தடவினார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"தோணுச்சு. தோணினதைச் சொல்லாம வாயை மூடிக்கிட்டேன்" என்றார். "இவர் பேசித் தப்புப் பண்ணினாரு, நான் பேசாம பண்ணினேன். ஒண்ணு சொல்றேன். நான் செஞ்ச செட்டு கடிக்குதுன்னு தினமும் யாராவது வந்து திட்டுவாங்க. ஆனா 'நான் செஞ்சது சரியில்ல'ன்னு தானே வந்து சொல்ற பல்செட்டுக்காரனை நான் கண்ணாடியில கூடப் பார்த்தது கிடையாது." லென்ஸைத் தம்பியின் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். "போய் உட்காருங்க தராசு. ஆள் வர ஆரம்பிச்சுட்டாங்க."

டைப்பிஸ்ட் அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பு உங்க ரெண்டு பேர் மேல மட்டும் இல்ல. ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டு உலகத்துல இருக்கற காசையெல்லாம் அளக்கப் பார்த்தோமே, எங்க மேலயும்தான். இன்னையில இருந்து 'தெரியல'ன்னு சொல்லலாம். தலைவி சொல்றேன், யாராவது எதிர்க்கறீங்களா?"

யாரும் எதிர்க்கவில்லை. "தெரியலன்னு சொல்லத்தான் நான் சங்கத்துலயே சேர்ந்தேன்" என்றார் பஸ் டிரைவர்.

நடுப் பெட்டிக்கு வேறொரு காசு போயிற்று. டிரையர்க் காசுகள் நான்கும் சோதனை மேசையில், ஒரு கறுப்புத் துணியின்மேல், உருண்ட வரிசைப்படி உட்கார்ந்தன. கதவு திறந்தது. தம்பிக்கு முன்னால் வரிசை வளர்ந்தது.

பெரியக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். வழக்கமாகக் கடையில் அவன் 'பட்டது' என்று சொல்லும்போது, காசைத் திருப்பிக் கொடுக்கும் கை அடுத்தவரின் காசுக்கு நீண்டுவிடும். இன்று அப்படி இல்லை. ஒருவர் ரயில் சக்கரத்தில் நசுங்கிய காசை அபூர்வம் என்று நம்பிக் கொண்டுவந்திருந்தார். தம்பி லென்ஸை அவர் கண்ணுக்கே கொடுத்து, உலோகம் எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று காட்டினான். அவராகவே, "அப்போ இது பட்டதுதான் இல்லீங்களா?" என்றார். வந்தபோது இருந்ததைவிட உற்சாகமாகப் போனார். அடுத்து ஒரு பெண், பச்சையும் நீலமுமாக நிறம் மாறிய ஒரு காசை நீட்டினாள். தம்பி எடை போட்டான், அளந்தான், திருப்பினான், மறுபடி திருப்பினான்.

"தெரியலம்மா" என்றான்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் கூசவில்லை. "எழுத்தெல்லாம் சரியா இருக்கு, எடை சரியா இருக்கு. நிறம் எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. என்கிட்ட விட்டுட்டுப் போக மனசிருந்தா, தெரிஞ்சவங்களைக் கேட்டுச் சொல்றேன்." அந்தப் பெண் யோசிக்காமல் விட்டுவிட்டுப் போனாள். வரிசை ஒரு ஆள்கூடக் குறையவில்லை. ஒருவன் தனக்குத் தெரியாததையும் சொல்லிவிட்டால், அவன் தெரியும் என்று சொல்வதற்கு எவ்வளவு எடை கூடிவிடுகிறது என்று பெரியக்கா வியந்தாள்.

மதியம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். மடிப்புக்காரி, சமையல்கூடத்து ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் பெரிய டாக்டர். பெரியக்காவுக்கு எங்காவது தூணுக்குப் பின்னால் போய்விடலாமா என்று இருந்தது. நடுப் பெட்டியில் அவள் காசு இல்லை என்று அவர்கள் இதோ பார்க்கப் போகிறார்கள். ஆனால் தம்பி அதற்குள் பார்த்துவிட்டான். டாக்டர் கறுப்புத் துணியின்மேல் குனிந்து, "இது எப்படி இவ்வளவு ஒழுங்கா உருண்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது, டாக்டர்" என்றான் தம்பி. எழுந்து நின்றான். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான். "அக்கா, இங்க வா. இவங்க கேக்கறாங்க பாரு."

பெரியக்கா கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, வரிசையைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு வந்தாள். லேசாகத் தடித்த புதுக் காசை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைத் தவறவிட்டது என் கைதான் சார்" என்று ஆரம்பித்தாள்.